கரையில் நின்றவர்கள் சொன்ன கதை

மாணவர்களே, 1511 என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? மலாக்கா போர்த்துகீசியர் கையில் வீழ்ந்த ஆண்டு. அபோன்சோ டி அல்புகர்க் என்ற பெயரையும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அவர் எத்தனை கப்பல்களோடு வந்தார், எத்தனை வீரர்கள் இருந்தனர் என்ற கணக்கெல்லாம் கப்பலில் வந்தவர்கள் எழுதி வைத்ததுதான்.

அன்று கரையில் நின்றவர்கள் என்ன பார்த்தார்கள்? என்ன பேசிக்கொண்டார்கள்? அவர்கள் கையில் குறிப்பேடு இல்லை. பார்த்ததைப் பிள்ளைகளிடம் சொன்னார்கள். பிள்ளைகள் பேரப்பிள்ளைகளிடம் சொன்னார்கள். இப்படி வாயால் சொல்லி, காதால் கேட்டு வரும் வரலாற்றை வாய்மொழி வரலாறு என்கிறோம். அதை நம்பலாமா, நம்புவதென்றால் எப்படிச் சோதிப்பது என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

வெள்ளை வங்காளிகள்

அல்புகர்க்குக்கு முன்பே, 1509 செப்டம்பரில், டியோகோ லோப்பஸ் டி செக்குவேரா என்பவரின் தலைமையில் போர்த்துகீசியக் கப்பல்கள் மலாக்கா துறைக்கு வந்தன. பின்னாளில் உலகைச் சுற்றும் பயணத்தைத் தொடங்கிய மெகல்லனும் அப்போது அந்தக் கப்பல்களில் ஒரு சாதாரண வீரராக இருந்தார்.

அந்த வருகையைக் கரையிலிருந்து பார்த்தவர்களின் நினைவு செஜாரா மெலாயு நூலில் இருக்கிறது. வந்தவர்களை மக்கள் ‘வெள்ளை வங்காளிகள்’ என்று அழைத்தார்களாம். ஒவ்வொரு வெள்ளையரைச் சுற்றியும் ஒரு கூட்டம். ஒருவர் அவரது தாடியை முறுக்கிப் பார்க்கிறார், ஒருவர் தலையைத் தட்டிப் பார்க்கிறார், ஒருவர் தொப்பியைக் கழற்றுகிறார், இன்னொருவர் கையைப் பிடித்துக்கொள்கிறார். வேடிக்கை பார்த்தவர்கள் நம் ஊர்க்காரர்கள், வேடிக்கைப் பொருளாக நின்றவர்கள் ஐரோப்பியர்கள். பாடநூலில் நாம் பார்க்கும் காட்சி இங்கே தலைகீழாக இருக்கிறது.

ஏன் ‘வங்காளிகள்’? மலாக்கா துறைமுகத்துக்கு வங்காளத்து வணிகர்கள் வழக்கமாக வந்து போவார்கள். குஜராத்தியர், தமிழர், சீனர், அரேபியர், ஜாவானியர் என்று பலரும் வருவார்கள். புதிதாக ஒன்றைப் பார்க்கும்போது மனித மூளை தனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடுதான் அதை ஒப்பிடும். மேற்கிலிருந்து கப்பலில் வந்திருக்கிறார்கள், ஆனால் தோல் வெளுப்பு. ஆகவே ‘வெள்ளை வங்காளி’. அறியாமை என்று இதைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். வகைப்படுத்துவது அறிவியலின் முதல் படி.

கப்பல் தலைவனைப் பெண்டாஹாரா மரியாதையோடு வரவேற்று ஆடைகள் தந்தார் என்றும், பதிலுக்கு அந்தத் தலைவன் மணிகள் பதித்த பொன் சங்கிலியைப் பெண்டாஹாராவின் கழுத்தில் தானே மாட்டிவிட்டான் என்றும் அந்நூல் சொல்கிறது. பெரியவர் ஒருவரின் தலைக்கு மேல் கை நீட்டுவதா என்று சுற்றி நின்றவர்கள் கொதித்தெழ, முறை தெரியாத ஆளைப் பொருட்படுத்த வேண்டாம் என்று பெண்டாஹாரா அடக்கினாராம். அந்தப் பெண்டாஹாரா துன் முத்தாஹிர். அவர் தமிழ் முஸ்லிம் வம்சாவளியில் வந்தவர் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

கல்லைத் தின்று இரத்தம் குடித்தவர்கள்

இதே போன்ற ஒரு நினைவு இலங்கையிலும் இருக்கிறது. லோரன்சோ டி அல்மேதாவின் கப்பல்கள் கொழும்புக்கு வந்தது 1505 அல்லது 1506-இல். அந்த வருகை பற்றிச் சிங்கள வரலாற்று நூலான இராஜாவலிய ஒரு செய்தியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. துறைமுகத்தில் இருந்தவர்கள் கோட்டை அரசனிடம் ஓடிப்போய்ச் சொன்னார்களாம்: வெள்ளைத் தோல்காரர்கள் வந்திருக்கிறார்கள், இரும்புச் சட்டை போட்டிருக்கிறார்கள், ஓரிடத்தில் நில்லாமல் அங்குமிங்கும் நடக்கிறார்கள், கல்லைக் கடித்துத் தின்கிறார்கள், இரத்தத்தைக் குடிக்கிறார்கள், ஒரு மீனுக்குப் பொற்காசு தருகிறார்கள், அவர்களின் பீரங்கிச் சத்தம் இடியை மிஞ்சுகிறது.

கட்டுக்கதை போல் தோன்றுகிறதா? ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். இரும்புச் சட்டை என்பது போர்க் கவசம். இரத்தம் என்பது சிவப்புத் திராட்சை மது. கல் என்பது ரொட்டி. அரிசிச் சோறு உண்ட மக்களுக்கு அது புதிது. அக்காலக் கடலோடிகளின் ரொட்டி கல்லைப் போலவே இருந்திருக்கும். பல மாதப் பயணத்தில் பூசணம் பிடிக்காமல் இருக்க, மாவை இருமுறை சுட்டு ஈரத்தை முழுவதும் போக்கிவிடுவார்கள். ஈரம் இல்லாவிட்டால் பூசணம் வளர முடியாது. அந்த ரொட்டியை நனைக்காமல் கடித்தால் பல் போய்விடும்.

ஆக, பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத் தங்களிடம் இருந்த சொற்களால் சொன்னார்கள். வாய்மொழி வரலாற்றைப் படிக்கும்போது நினைவில் வைக்க வேண்டிய முதல் விதி இது: விளக்கம் தவறாக இருக்கலாம், ஆனால் அதற்கு அடியில் உள்ள பார்வை சரியாக இருக்கலாம்.

உருண்டையான ஆயுதம்

செஜாரா மெலாயுவில் அறிவியல் மாணவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பீரங்கிக் குண்டு பாய்ந்து வந்து ஆட்கள் மடிவதைக் கண்ட மலாக்கா மக்கள், உருண்டையாக இருக்கும் இந்த ஆயுதம் எப்படி இத்தனை கூர்மையாகக் கொல்கிறது என்று வியந்தார்களாம்.

எவ்வளவு நல்ல கேள்வி! கிரிஸ், ஈட்டி, அம்பு எல்லாமே கூரானவை. அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது. முனையின் பரப்பளவு சிறிதாக இருந்தால், கை தரும் விசையே போதும், அழுத்தம் மிகப் பெரிதாகி ஆயுதம் உள்ளே இறங்கிவிடும். உருண்டைக்கு அந்த வசதி இல்லை. அப்படியென்றால் அதன் பலம் எங்கிருந்து வருகிறது?

வேகத்திலிருந்து. பள்ளியில் ‘தெனாகா கினெத்திக்’ என்று படிக்கிறீர்களே, அந்த இயக்க ஆற்றல்தான். பொருளின் நிறையையும், வேகத்தின் இருமடிப் பெருக்கத்தையும் பெருக்கி, அதில் பாதியை எடுத்தால் இயக்க ஆற்றல். ஓர் எடுத்துக்காட்டு. 5 கிலோகிராம் இரும்புக் குண்டை நீங்கள் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் எறிந்தால் அதன் ஆற்றல் 62.5 ஜூல். அதே குண்டு நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் 100,000 ஜூல். வேகம் 40 மடங்கு, ஆற்றலோ 1,600 மடங்கு. மலாக்கா கரையில் நின்று ஒருவர் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை.

இனி, நூலைச் சோதிப்போம்

இதுவரை கரையில் நின்றவர்களின் பக்கம் பேசினோம். இப்போது அவர்களின் கதையைத் துருவிப் பார்ப்போம். நல்ல ஆய்வாளர் தனக்குப் பிடித்த சாட்சியைத்தான் அதிகமாகக் குறுக்கு விசாரணை செய்வார்.

இன்று கிடைக்கும் செஜாரா மெலாயுவின் பழைய வடிவத்தின் முன்னுரை 1612-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஜொகூரின் பெண்டாஹாராவாக இருந்த துன் ஸ்ரீ லானாங்கின் பெயரோடு அது இணைத்துப் பேசப்படுகிறது. 2001-இல் அது யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலிலும் இடம்பெற்றது. 1509-க்கும் 1612-க்கும் இடையே 103 ஆண்டுகள். அத்தனை காலம் சம்பவங்கள் பெரும்பாலும் வாய்வழியாகவே வந்திருக்கின்றன.

முதல் சோதனை, காலம் பொருந்துகிறதா என்பது. முதலில் வந்த கப்பல் கோவாவிலிருந்து வந்தது என்கிறது நூல். ஆனால் போர்த்துகீசியர் கோவாவைப் பிடித்ததே 1510-இல்தான். பின்னாளில் போர்த்துகீசியர் என்றாலே கோவா என்று ஆகிவிட்டதால், சொன்னவர்கள் பழைய சம்பவத்திலும் கோவாவைச் சேர்த்துவிட்டார்கள். நினைவு இப்படித்தான் காலத்தைச் சுருக்கிவிடும்.

இரண்டாவது சோதனை, எதிர்த் தரப்பின் சாட்சி. போர்த்துகீசியப் பதிவுகளின்படி, 1509-இல் வந்தவர்களைப் பிடிக்க மலாக்காவில் திட்டம் தீட்டப்பட்டது. செக்குவேரா தப்பிவிட்டார், கரையில் இருந்த அவருடைய ஆட்கள் சிலர் சிறைப்பட்டனர். அவர்களில் ஒருவரான ரூய் டி அராவுஜோ 1510-இல் சிறையிலிருந்தே அல்புகர்க்குக்குக் கடிதம் அனுப்பினார். கைதிகளுக்கு உதவியவர் நினா சாத்து என்று போர்த்துகீசியர் குறிப்பிடும் தமிழ் வணிகர். செஜாரா மெலாயுவிலோ கப்பல் தலைவன் அமைதியாகத் திரும்பிப் போகிறான். ஆக, ஒரு சமூகம் எதைச் சொல்கிறது என்பதோடு, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது சோதனை, பொருள் சான்று. பீரங்கியைக் கண்டு மலாக்கா மக்கள் வியந்ததாக நூல் சொல்கிறது. ஆனால் 1511-இல் நகரைப் பிடித்தபோது சுமார் 3,000 பீரங்கிகளையும் துப்பாக்கிகளையும் கைப்பற்றியதாகப் போர்த்துகீசிய நூல் கூறுகிறது. வெற்றி பெற்றவர்கள் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வது வழக்கம்தான் என்றாலும், வெடி ஆயுதமே தெரியாத ஊராக மலாக்கா இருந்திருக்க முடியாது. கப்பலின் பெரிய பீரங்கிகள் தந்த அச்சம் உண்மையாக இருக்கலாம். அதுவரை அப்படி ஒன்றைக் கண்டதே இல்லை என்பது பின்னால் சேர்ந்த மெருகாக இருக்கலாம்.

நான்காவது சோதனை, ஊர் சுற்றும் கதை. அந்நியர்கள் ஒரு மாட்டுத் தோல் அளவு நிலம் கேட்டு, அந்தத் தோலை மெல்லிய வாராக வெட்டி, பெரிய நிலத்தையே வளைத்துப் போட்டுக் கோட்டை கட்டினார்கள் என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். தென்கிழக்கு ஆசியாவில் பல ஊர்களின் கோட்டைகளுக்கு இதே கதை சொல்லப்படுகிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வட ஆப்பிரிக்காவின் கார்தேஜ் நகரத்துக்கும் இதைச் சொன்னார்கள். ஒரே கதை பல ஊர்களில் நடந்ததாகச் சொல்லப்பட்டால், அது நடந்த சம்பவம் அன்று. ஏமாற்றப்பட்டோம் என்ற உணர்வு அணிந்துகொண்ட சட்டை அது.

பனி நாட்டின் சாட்சி

வாய்மொழிக்கு நூறு ஆண்டுதான் ஆயுளா? வட துருவத்துக்கு அருகே, கனடாவின் பனிப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களிடம் போவோம்.

1576, 1577, 1578 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இங்கிலாந்தின் மார்ட்டின் புரோபிஷர் பஃபின் தீவுக்குப் போனார். தங்கம் என்று நம்பித் தோண்டிக் கொண்டுபோன பாறைகள் கடைசியில் ஒன்றுக்கும் உதவவில்லை. முதல் பயணத்தில் அவருடைய ஆட்கள் ஐவர் காணாமல் போனார்கள். மூன்றாவது பயணத்துக்கு 15 கப்பல்கள் போயின.

ஏறக்குறைய 285 ஆண்டுகள் கழித்து, 1861-இல், சார்ல்ஸ் பிரான்சிஸ் ஹால் என்ற அமெரிக்கர் அங்கே போனார். தூகுலிதோ என்ற இனுயிட் பெண் அவருக்கு மொழிபெயர்த்தார். அங்கிருந்த முதிய பெண்மணி ஒருவர் சொன்னார்: வெள்ளையர்கள் கப்பலில் வந்தார்கள், முதலில் சில கப்பல்கள், அடுத்து சில, கடைசியாக மிகப் பல. ஐந்து வெள்ளையர் பிடிபட்டார்கள், குளிர்காலத்தை எங்களோடு கழித்தார்கள், ஒரு படகு கட்டிக் கடலில் இறங்கினார்கள், பிறகு அவர்களை யாரும் பார்க்கவில்லை. அவர் காட்டிய தீவுக்குப் போன ஹால் நிலக்கரித் துண்டுகளையும், செங்கல், ஓட்டுத் துண்டுகளையும், தோண்டிய பள்ளங்களையும் கண்டார். அந்த முதியவர் ஆங்கிலம் படித்தவர் அல்லர். கப்பல் வந்த வரிசையும் ஐவர் என்ற எண்ணிக்கையும் பத்துத் தலைமுறைகளைத் தாண்டி வந்திருந்தன.

இன்னொரு சம்பவம் வேதனையானது. 1845-இல் ஜான் பிராங்ளின் தலைமையில் எரிபஸ், டெரர் என்ற இரு கப்பல்களில் 129 பேர் துருவக் கடலுக்குப் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. பசியில் வாடி நடந்த அவர்கள், கடைசியில் இறந்த தோழர்களின் உடலையே உண்டார்கள் என்று இனுயிட் மக்கள் சொன்னதை ஜான் ரே என்ற மருத்துவர் 1854-இல் லண்டனுக்குத் தெரிவித்தார். லண்டன் கொதித்தது. புகழ்பெற்ற எழுத்தாளர் சார்ல்ஸ் டிக்கன்ஸ், நாகரிகமற்றவர்களின் பேச்சை எப்படி நம்புவது என்று எழுதினார். இனுயிட் மக்களே அவர்களைக் கொன்றிருக்கக் கூடும் என்றும் பழி சுமத்தினார்.

1990-களில் ஆய்வாளர்கள் அந்த மாலுமிகளின் எலும்புகளை நுண்ணோக்கியில் சோதித்தபோது, கத்தி வெட்டிய தடங்கள் இருந்தன. இனுயிட் மக்கள் சொன்னது சரி. கப்பல்கள் மூழ்கிய இடம் பற்றி அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த பகுதியில்தான் 2014-இல் எரிபஸ் கண்டெடுக்கப்பட்டது. 2016-இல் சமி கோக்விக் என்ற இனுயிட் வேட்டைக்காரர் சொன்ன தகவல் வழிகாட்ட, டெரர் கப்பலும் கிடைத்தது. உண்மை தெரியாததால் அன்று இத்தனை காலம் தாமதமாகவில்லை. உண்மையைச் சொன்னவர்களை மதிக்காததால்தான் தாமதமானது.

நினைவு எப்படிக் கெடாமல் வருகிறது?

காதோடு காது சொல்லும் விளையாட்டை வகுப்பில் ஆடியிருப்பீர்கள். முதல் ஆள் சொன்னது பத்தாவது ஆளிடம் வேறாகிவிடும். வாய்மொழி வரலாறும் அப்படித்தானே என்று கேட்கலாம். ஒரு வேறுபாடு உண்டு. விளையாட்டில் ஒரே ஒரு முறை, இரகசியமாக, ஒருவருக்கு மட்டும் சொல்கிறோம். சமூகத்தில் கதை எல்லார் முன்னிலையிலும், பலமுறை, சத்தமாகச் சொல்லப்படுகிறது. தவறிச் சொன்னால் பக்கத்தில் இருக்கும் பாட்டி “அப்படி இல்லை” என்று திருத்துவார். கதை ஒரு பாறையோடு, ஒரு விரிகுடாவோடு, ஒரு பாட்டோடு கட்டப்பட்டிருந்தால் இன்னும் நிலைக்கும்.

நமக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. சுமத்ராவுக்கு மேற்கே உள்ள சிமெலு தீவில் 1907-இல் பேரலை தாக்கியது. அதன்பின் அம்மக்கள் ‘ஸ்மோங்’ என்ற ஒற்றைச் சொல்லில் பாடம் சொல்லி வந்தார்கள்: நிலம் பலமாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால், மலைக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று அவர்கள் ஓடினார்கள். சுமார் 78,000 பேர் வாழ்ந்த தீவில் பேரலைக்குப் பலியானவர்கள் ஏழு பேர் மட்டுமே.

சொற்களும் நினைவைச் சுமக்கும். மேசை, அலமாரி, ஜன்னல், சாவி என்று நாம் தமிழில் சொல்பவை போர்த்துகீசியர் விட்டுச் சென்றவை. மலாயில் மேஜா, அல்மாரி, ஜெண்டேலா என்கிறோம். பினாங்கின் பத்து பெரிங்கியில் உள்ள ‘பெரிங்கி’யும் நம் ‘பறங்கி’யும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். பறங்கிக்காய்ச் சாம்பார் சாப்பிடும்போதும் அந்தப் பழைய கப்பலை நாம் நினைவுகூர்கிறோம்.

உங்கள் வீட்டில் இருக்கும் சாட்சி

இது மலாக்காவோடும் பனி நாட்டோடும் முடிந்துவிடவில்லை. 1942 முதல் 1943 வரை ஜப்பானியர்கள் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா ரயில் பாதையைப் போட்டார்கள். சுமார் 60,000 நேச நாட்டுப் போர்க் கைதிகள் அதில் வேலை செய்தனர். 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் இரகசியமாக நாட்குறிப்பு எழுதினார்கள், படம் வரைந்தார்கள். காஞ்சனபுரியில் அவர்களின் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. அதே பாதையில் ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு இலட்சம் பேர் அளவுக்கு வேலை செய்தார்கள் என்றும், சுமார் 90,000 பேர் மாண்டார்கள் என்றும் மதிப்பிடப்படுகிறது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அதில் ஏராளம். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதிய கல்லறை இல்லை. அவர்கள் நாட்குறிப்பும் எழுதவில்லை. திரும்பி வந்தவர்கள் வீட்டில் சொன்னதுதான் மிச்சம்.

சாலாக் செலாத்தானிலோ கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ, இன்று அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒரு கொள்ளுப்பாட்டிக்கு அந்த ஜப்பான் காலம் தெரிந்திருக்கலாம். 1943-இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறுக்கு மேல். உங்கள் கைப்பேசியில் ஒலிப்பதிவு வசதி இருக்கிறது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

முதலில் அனுமதி கேளுங்கள். அவர் பேசவிரும்பாததை வற்புறுத்தாதீர்கள். “ஜப்பான்காரன் அடித்தானா?” என்று விடையைக் கேள்விக்குள் வைக்காமல், “அப்போது என்ன நடந்தது, பாட்டி?” என்று திறந்து கேளுங்கள். ஒவ்வொரு செய்திக்கும், அது அவரே பார்த்ததா, யாராவது சொன்னதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டத்தின் பெயர், அருகிலிருந்த ஆறு, தண்டவாளம், கோயில் என்று இடத்தோடு சேர்த்துக் கேளுங்கள். இடம் நினைவை இழுத்துக்கொண்டு வரும். அதே சம்பவத்தை இன்னொரு பெரியவரிடம் தனியாகக் கேளுங்கள். பழைய படம், கடிதம், வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டு ஏதாவது இருந்தால் படமெடுத்து வையுங்கள். இரண்டு பேர் சொன்னது முரண்பட்டால் ஒன்றை அழித்துவிடாதீர்கள், இரண்டையும் தேதியிட்டுச் சேமியுங்கள்.

பிராங்ளினின் மாலுமிகளுக்காக, இனுயிட் மக்கள் சொன்னதை உறுதிசெய்ய எலும்புகளாவது மிஞ்சின. காட்டோரத்தில் புதைக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் பெயரைச் சொல்ல, அவரை அறிந்த ஒருவரின் குரல்தான் இருக்கிறது. அந்தக் குரலைக் கேட்க இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.